ஆறாம் பக்கத்துக் கேள்வி

அத்தியாயம் 11

இன்னும் முப்பத்தைந்து மணி நேரம் இருந்தது.

அகதிகள் விடுதிச் சமையலறைச் சுவரில் பேருந்து அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் மர்ஹா பென்சிலால் பதினான்கு கோடுகள் போட்டு வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதின்மூன்றாவது கோட்டை அடித்தாள். நாளை இரவு எட்டு மணிக்கு பியாவிஸ்டோக் தபால் நிலையத்தின் கடைசி ஜன்னலும் மூடிவிடும். அதற்குள் மேல்முறையீட்டு மனுவின் மேல் முத்திரை விழ வேண்டும். விழாவிட்டால் மர்ஹா, மகள் சேதா, நாத்தனார் ஜுலாய் மூவரும் முப்பது நாளில் போலந்தை விட்டுப் போக வேண்டும்.

அவர்களுடைய அகதி மனுவைத் தள்ளிவிட்டதாகச் சொல்லும் அந்தப் பழுப்பு உறை வந்ததிலிருந்து மர்ஹா சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் செச்னியாவில், வீட்டு முற்றத்திலிருந்து அவள் கணவன் ஷம்ஹானை ஆயுதக்காரர்கள் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. நான்கு மாதம் காத்திருந்துவிட்டு மர்ஹா எட்டு வயதுகூட ஆகாத மகளோடு கிளம்பினாள். எங்கள் வீட்டுப் பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று ஷம்ஹானின் தங்கை ஜுலாயும் கூடவே வந்தாள். பெலாரஸ் எல்லை ஊரான ப்ரெஸ்ட்டிலிருந்து போலந்துப் பக்கத்துத் தெரஸ்போலுக்குக் காலை ரயிலில் பதினேழு முறை வந்து, பதினேழு முறையும் திருப்பி அனுப்பப்பட்டு, பதினெட்டாவது முறை ஒரு எல்லைக் காவலர் மனுவை வாங்கிக்கொண்டார். இப்போது அந்தக் கதவும் இல்லை. அகதி என்ற சொல்லை எல்லையில் யாரும் காதில் வாங்குவதில்லை.

வியாழக்கிழமை என்பதால் சமையலறை முழுவதும் எண்ணெய் வாசனை. இறந்தவர்கள் பெயரில் மாவைப் பொரித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் நாள். வாசனை அவர்களைப் போய்ச் சேரும் என்பார்கள்.

எதிர் அறை பெத்திமத் ஒரு தட்டை நீட்டினாள். அவள் மாமனாருக்காக. மர்ஹா உள்ளங்கைகளை ஏந்திப் பிரார்த்தித்துவிட்டு ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் சுடலியா?" என்றாள் பெத்திமத்.

காலணி நாடாவை முடிந்துகொண்டிருந்த ஜுலாய் நிமிர்ந்தாள். "எங்க வீட்ல யாரும் சாகல."

"நான் சட்டியைக் கேட்டேன் பொண்ணே. சும்மா இருந்தா கொடு, எனக்கு இன்னும் மூணு பேர் இருக்காங்க."

யாரும் சிரிக்கவில்லை. பெத்திமத்தும்தான்.

மூன்று வருடமாக மர்ஹா எந்த வியாழக்கிழமையும் மாவு பிசைந்ததில்லை. பொரித்தால் அவன் இறந்துவிட்டான் என்று அவளே சொன்னதாகும். பொரிக்காவிட்டால், ஒருவேளை அவன் இறந்தவர்களோடு இருந்தால், அவனுக்கு மட்டும் பங்கு இல்லாமல் போகும். துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். சேதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தரலாம்.

*

பேருந்தில் ஜுலாய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கு இருபத்திநான்கு வயது. ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. இரண்டு வருடத்தில் போலிஷ் மொழியை அங்கேயே பிடித்துக்கொண்டவள். மர்ஹாவுக்கு மொழி ஒட்டவில்லை. அவள் படிக்க வேண்டிய வயதில் ஊரில் போர் நடந்தது. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. ரஷ்ய மொழியும் சந்தைக்குப் போய்வருகிற அளவுதான்.

இரண்டு நிறுத்தம் தாண்டியதும் ஜுலாய் பேச ஆரம்பித்தாள். நேற்று மாலை பெரியவர் போன் செய்தாராம்.

பெரியவர் என்றால் ஷம்ஹானுக்கும் ஜுலாய்க்கும் மூத்த அண்ணன். அப்பாவும் அம்மாவும் ஒரே குளிர்காலத்தில் போனபின் ஜுலாயைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவளுக்குத் தலை பின்னிவிட்டவர். ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தபோதும் விடாமல் பின்னிவிட்டவர்.

பெரியவர் எல்லாம் பேசி முடித்துவிட்டாராம். மாவட்டத் தலைவரிடமே பேசிவிட்டாராம். திரும்பி வந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள், நான் பொறுப்பு என்றாராம். ப்ரெஸ்ட் ரயில் நிலையத்துக்கு அவரே காரோடு வருவாராம். விடுதி முகவரியைக் கேட்டாராம், கொடுத்துவிட்டாளாம்.

மர்ஹாவின் கை முன் இருக்கையின் கம்பியை இறுக்கிப் பிடித்தது.

"முகவரி எதுக்கு?"

"கேட்டார், கொடுத்தேன். அண்ணன் தானே."

ஜுலாய் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். தாமாக நாடு திரும்புவதற்கான படிவம். தன் பெயரைப் பூர்த்தி செய்திருந்தாள். அடுத்த வரியில் சேதாவின் பெயர். அதற்குக் கீழே தாயின் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"அண்ணி, நீங்க இருக்கணும்னா இருங்க. ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். ஆனா சேதா எங்க வீட்டுப் பிள்ளை. இதை நான் சொல்லல. உங்க அம்மா வீட்ல கேட்டாக்கூட அதைத்தான் சொல்வாங்க."

சொல்வார்கள். மர்ஹாவுக்குத் தெரியும். பிள்ளை தகப்பன் வீட்டுக்குச் சொந்தம். அதில் யாருக்கும் இரண்டு பேச்சு இருந்ததில்லை.

"முதல்ல வக்கீலைப் பாத்துடலாம் பொன்னு," என்றாள்.

ஷம்ஹானைக் கொண்டுபோன மறுநாள் காலையில் பெரியவர் வந்தார். தாய் அழுவதைக் குழந்தை பார்க்க வேண்டாம் என்று சேதாவைத் தூக்கிக்கொண்டு போனார். பதினோரு நாள் தன் வீட்டில் வைத்திருந்தார். ஊரே அவரைப் பாராட்டியது. பன்னிரண்டாம் நாள் கொண்டுவந்து விட்டபோது, வாசலில் நின்று மர்ஹாவிடம் ஒரு வாக்கியம் சொன்னார். அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வாக்கியம் எதைப் பற்றியது என்பதையும்.

*

இலவச சட்ட உதவி மையம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. வக்கீல் போக்னாவுக்கு முப்பது வயது இருக்கலாம். மூக்கு சிவந்திருந்தது. சளி, தொட்டால் ஒட்டிக்கொள்ளும், தள்ளி உட்காருங்கள் என்று நாற்காலிகளைக் காட்டினாள்.

வழக்கமாக மொழிபெயர்க்கும், அண்டை இனத்தவளான இங்குஷ் பெண்மணி வரவில்லை. மகனை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறாளாம். வேறு ஒருவர் அரை மணியில் வந்துவிடுவார் என்று போக்னா ஒரு பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் மர்ஹா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். விசாரணை நாளில் மொழிபெயர்த்தவர் அவர்தான். அதிகாரி தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் அவர் மனுவில் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டுச் செச்சென் மொழியில், சாதாரணமாக, "எந்த எல்பியேவ் குடும்பம்? மேல்தெருவா?" என்று கேட்டார். பக்கத்து ஊர்க்காரர். அவர் காதில் விழுவது ஊருக்கும் போய்ச் சேரலாம். கெட்ட எண்ணம் ஏதும் இருந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு மர்ஹா எந்தக் கேள்விக்கும் மூன்று சொல்லுக்கு மேல் பேசவில்லை.

"நான் சொல்றேன்," என்றாள் ஜுலாய். "ஆனா என்னோடது சலவைக்கூடத்து போலிஷ்."

"கோர்ட்ல கேக்கற போலிஷைவிட நல்லாத்தான் இருக்கு." போக்னா சிரிக்கவில்லை. "குடும்பத்து ஆளை வெச்சுப் பேசறது எனக்குப் பிடிக்காது. இன்னைக்கு வேற வழி இல்ல."

அவள் தீர்ப்பை மேசைமேல் விரித்தாள். முதலில் வழிகளைச் சொன்னாள். ஜுலாய் ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னாள்.

எல்லைக்குப் போய்ப் புதிதாக மனு கொடுப்பது இனி நடக்காது. ஜெர்மனிக்குப் போகலாம், ஆனால் விரல்ரேகை இங்கே இருக்கிறது, இங்கேயே திருப்பி அனுப்புவார்கள். பெத்திமத் அப்படித்தான் ஐந்து மாதம் பெர்லினில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். சேதா இங்கே பள்ளிக்கூடத்தில் வேர் விட்டுவிட்டாள் என்று காட்டி மனிதாபிமான அனுமதி கேட்கலாம். ஆனால் அதை நாடு கடத்தும் வழக்கு தொடங்கிய பிறகுதான் பார்ப்பார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

மீதி இருப்பது மேல்முறையீடு. அகதிகள் குழு முழுக் கதையையும் மறுபடி கேட்கும். அங்கேயும் தோற்றால் நீதிமன்றம் உண்டு. ஆனால் நீதிமன்றம் புதுச் சங்கதி எதையும் கேட்காது. அதிகாரிகள் சட்டப்படி நடந்தார்களா என்று மட்டும் பார்க்கும்.

"அதனால சொல்ல வேண்டியது எதுவா இருந்தாலும் இந்த மனுவுல இருக்கணும்," என்றாள் போக்னா. "பின்னாடி இன்னொரு மனு போடலாம். ஆனா அப்ப முதல் கேள்வியே, ஏன் முன்னாடி சொல்லலன்னுதான் வரும். நாள் ஆக ஆக உண்மைக்கே மதிப்பு குறையும். இது என் சட்டம் இல்ல. புது சட்டம் இன்னும் குறைச்சு வெச்சிருக்கு."

பிறகு அவள் நான்காம் பக்கத்தைத் திருப்பினாள். மனுதாரர் வீட்டு ஆண்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிச் சொல்கிறார். குடும்ப ஆவணத்தில் இரண்டு ஆண்கள். மனுதாரரோ 'வீட்டுக்காரர்', 'பெரியவர்', 'நல்லவர்' என்று மூன்று பேரைக் குறிப்பிடுகிறார். 'நல்லவர்' யார் என்று நிரூபிக்கப்படவில்லை. எனவே மனுதாரரின் கூற்று நம்பத்தக்கதல்ல.

"யார் இந்த நல்லவர்?"

ஜுலாய் சட்டென்று சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல்முறை. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

எங்கள் பக்கம் மருமகள் புகுந்த வீட்டார் பெயரைச் சொல்லமாட்டாள், என்று அவள் வக்கீலுக்கு விளக்கினாள். கல்யாணம் ஆகி வந்ததும் ஒவ்வொருவருக்கும் அவளே ஒரு பெயர் வைப்பாள். சாகும்வரை அதுதான். எனக்குப் பொன்னு. எங்கள் பெரிய அண்ணனுக்கு நல்லவர். பெரியவரும் அவர்தான், நல்லவரும் அவர்தான். அண்ணி என் நிஜப் பெயரைச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. புருஷன் பெயரையே அடுத்தவர் முன்னால் சொல்லமாட்டாள்.

போக்னா சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். "அதிகாரி ஒரு ஆளைப் புதுசா பிறக்க வெச்சு, அந்த ஆள் இல்லன்னு கண்டுபிடிச்சிருக்கார்," என்றாள். "இதை நான் சரி பண்ணிடறேன். ஒரு பத்தி போதும்."

ஜுலாய் மொழிபெயர்த்தாள். மர்ஹா தலையசைத்தாள்.

"இப்ப ஆறாம் பக்கம். இதை நான் சரி பண்ண முடியாது."

அங்கே ஒரே ஒரு கேள்வி இருந்தது. வந்தவர்கள் யார்? பதில்: 'தெரியாது'. எதிரிகள் யார் என்றே மனுதாரருக்குத் தெரியாத நிலையில், நாடு திரும்பினால் அவருக்கு யாரால் ஆபத்து என்பதை நிறுவ இயலவில்லை. தீர்ப்பு முழுவதும் அந்த வரியின்மேல்தான் நின்றது.

போக்னா மர்ஹாவைப் பார்த்துக் கேட்டாள். ஒரு முகம், ஒரு குரல், யாராவது ஒருவர். தெரிந்தவர் யாராவது இருந்தார்களா?

மர்ஹா தன் கைகளைப் பார்த்தாள். மாவுத் துண்டின் எண்ணெய் விரலில் இன்னும் பிசுபிசுத்தது.

"தெரியலன்னே சொல்லிடுங்க அண்ணி," என்றாள் ஜுலாய் தணிந்த குரலில். "உண்மை அதுதானே. முகமூடி போட்டுட்டு வந்தவங்களை யாருக்குத் தெரியும்?"

பிறகு அவளுக்கே ஒரு யோசனை தோன்றியது. வக்கீல் பக்கம் திரும்பி வேகமாகப் பேசினாள். மர்ஹாவுக்கு அதில் அண்ணன் என்ற சொல் மட்டும் புரிந்தது. போக்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏதோ கேட்டாள். ஜுலாய் ஆமாம் ஆமாம் என்றாள்.

"என்ன?" என்றாள் மர்ஹா.

"பெரிய அண்ணன் சாட்சிக் கடிதம் கொடுப்பார் அண்ணி. தம்பியைத் தேடி எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினார். எல்லாத்தையும் எழுதி, கையெழுத்து போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினா போதுமாம். ரொம்ப பலமா இருக்குமாம். அது ஜெயிச்சுட்டா நானும் ஏன் திரும்பிப் போகணும்? இங்கயே இருந்துடுவோம், மூணு பேரும்." அவள் கண்கள் மின்னின. "இப்பவே கேட்டுடறேன்."

போன் காதில் இருந்தது.

அந்தச் சில விநாடிகளில் மர்ஹா எல்லாவற்றையும் பார்த்தாள். மனுவில் என்ன எழுதப் போகிறார்கள் என்று ஜுலாய் அவரிடம் சொல்வாள். ஆறாம் பக்கத்தைப் பற்றிச் சொல்வாள். அவர் சரி என்பார். நல்லபடியாக, வருத்தத்தோடு, ஒரு கடிதம் எழுதுவார். அது மனுவின்மேல் முதல் சாட்சியாக உட்காரும். அதன் பிறகு எந்தக் குழுவிடமும், எந்த நீதிமன்றத்திடமும், எந்த மொழியிலும் அவள் உண்மையைச் சொல்ல முடியாது. ஒன்று தோற்று மூவரும் அவரிடம் திரும்புவார்கள், அல்லது ஜெயித்து வாழ்நாள் முழுவதும் அவர் கையெழுத்துக்குக் கீழே வாழ்வார்கள்.

மறுமுனையில் மணி அடிப்பது கேட்டது. ஒன்று. இரண்டு.

மர்ஹா எழுந்து போனை ஜுலாயின் கையிலிருந்து எடுத்தாள். பிடுங்கவில்லை. தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல எடுத்து, அழைப்பைத் துண்டித்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணி?"

"வக்கீலம்மாவை எழுதச் சொல்லு," என்றாள் மர்ஹா. "நான் சொல்றேன். நடுவுல நிறுத்தாதே. நிறுத்தினா என்னால மறுபடி முடியாது."

ஜுலாய் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வக்கீலிடம் ஏதோ சொன்னாள். போக்னா புதுக் காகிதம் எடுத்தாள்.

விடிகாலை நாலரை மணிக்கு வந்தார்கள், என்றாள் மர்ஹா. இரண்டு கார்கள். முதல் காரில் நம்பர் பலகை இல்லை. தொழுகைக்குத் தண்ணீர் எடுக்க நான் அடுப்பங்கரையில் இருந்தேன். விளக்கு போடவில்லை.

ஜுலாய் மாற்றிச் சொன்னாள். பேனா நகர்ந்தது.

ஆறு பேர். ஐந்து பேர் முகமூடி போட்டிருந்தார்கள். ஒருவர் போடவில்லை. அவர் வெளி வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை.

ஜுலாய் சொன்னாள்.

வாசற்கதவை அவர்கள் தட்டவில்லை. உடைக்கவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே தெரியாது. வலது தூணுக்குப் பின்னால் ஒரு செங்கல் ஆடும். அதை எடுத்துவிட்டுக் கையை மணிக்கட்டுவரை நுழைத்தால் தாழ்ப்பாளின் வால் தட்டுப்படும்.

ஜுலாய் பாதிவரை சொன்னாள். நிறுத்தினாள். போக்னா தலை தூக்கிக் காத்திருந்தாள். ஜுலாய் மீதியையும் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி. செங்கல் என்பதற்கு அவளுக்கு போலிஷ் சொல் தெரியும், ஆனாலும் தேடினாள். பள்ளிவிட்டு வருகிற ஜுலாய் வெளியே நிற்கக் கூடாது என்று அந்தச் செங்கலைப் பெயர்த்து வைத்தவர், அவளுக்குத் தலை பின்னிவிட்டவர்தான்.

மேசைமேல் போன் அதிர்ந்தது. கவிழ்ந்தபடியே மெல்ல நகர்ந்து வக்கீலின் கோப்பைமேல் இடித்து நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை.

"கை நுழைச்சது யாருன்னு அவங்க பாத்தாங்களா?" என்றாள் போக்னா.

ஜுலாய் அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவில்லை. மர்ஹாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லாதே என்கிறாளா, சொல் என்கிறாளா என்று அந்தப் பார்வையிலிருந்து தெரியவில்லை.

"பன்னெண்டாம் நாள் சேதாவைக் கொண்டுவந்து விட்டப்ப என்ன சொன்னார் தெரியுமா," என்றாள் மர்ஹா. "'ஒருத்தனைக் கொடு, இல்லன்னா நீ வான்னாங்க. எனக்கு நாலு பிள்ளைங்க. நீ அடுப்பங்கரையில நின்னதை நான் பாத்தேன். உனக்கும் ஒரு பிள்ளை இருக்கு'ன்னார்."

ஜுலாய் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தாள்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். இத்தனை எல்லை தாண்டியும் சொல்லல. நீ சேதாவோட அந்த ரயில்ல ஏறப்போறேன்னு சொன்னப்புறம் என்னால முடியல ஜுலாய்."

தன் பெயரை அந்த வாயிலிருந்து கேட்டதும் ஜுலாயின் தோள்கள் இறங்கின. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை.

போக்னா இருமினாள். மன்னிப்புக் கேட்டாள். பிறகு, மெதுவாக, அவங்க இப்ப என்ன சொன்னாங்க என்று கேட்டாள்.

கீழே செருப்புக் கடைக் கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. ஜுலாய் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள், எழுந்துவிடாமல் தன்னையே அழுத்திப் பிடிப்பவள்போல.

"எழுதிக்கோங்க," என்றாள் போலிஷில். "உமலாத் எல்பியேவ். வயசு நாப்பத்தி ரெண்டு. கதவைத் திறந்து விட்டது எங்க அண்ணன்."